முதல் வலிப்புக்குப் பிறகு: ஈ.ஈ.ஜி. அறையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மூளையின் மின் சைகைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. சோதனையை எடுக்கும் டெக்னீஷியன் வேலை எனக்கு. தலையை அளந்து, குறி வைத்து, ஒவ்வொரு ஒயராக ஒட்டி முடிக்கவே நேரம் பிடிக்கும். அதற்குள் நோயாளியும் கூட வந்தவர்களும் மனதில் கிடப்பதையெல்லாம் கேட்டுவிடுவார்கள், டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதையும் சேர்த்து. அப்படி அடிக்கடி காதில் விழுந்தவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்து எழுதுவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் நரம்பியல் மருத்துவரின் வேலை. அவரைப் பார்க்கப் போகும் முன் இவையெல்லாம் தெரிந்திருந்தால் நல்லது.

1. ஃபிட்ஸ், காக்கா வலிப்பு, வலிப்பு நோய், எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. ஃபிட்ஸ் அல்லது வலிப்பு என்பது ஒரு தடவை நடக்கும் நிகழ்ச்சி. மூளையின் நரம்பணுக்கள் மெல்லிய மின் சைகைகளால்தான் பேசிக்கொள்கின்றன. ஓர் இடத்திலோ மூளை முழுவதிலுமோ ஏராளமான அணுக்கள் ஒரே சமயத்தில் கட்டுக்கடங்காமல் இயங்கினால் அது வலிப்பாக வெளிப்படும். ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ மிகவும் இறங்கிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

வலிப்பு நோய் என்பது அப்படி ஒரு உடனடிக் காரணமும் இல்லாமல் மறுபடி மறுபடி வலிப்பு வரும் தன்மை. காக்கா வலிப்பு அதற்கான பழைய பெயர். காக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது அதே நிறுவனம்.

2. ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு. அதுக்கே நோய்னு முத்திரை குத்திடுவாங்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். தூண்டுதல் (உடனடிக் காரணம்) இல்லாத வலிப்பு இரண்டு தடவை, அதுவும் 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு வந்திருந்தால் வலிப்பு நோய் என்பார்கள். ஒரே தடவைதான் வந்தது, ஆனால் அடுத்த பத்து ஆண்டுகளில் மீண்டும் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் குறையாது என்று ஸ்கேனோ ஈ.ஈ.ஜி.யோ காட்டினால், அப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். 2014-இல் சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புச் சங்கம் வகுத்த வரையறை இது. பெரியவர்களுக்கு முதல் வலிப்பு வந்தபின் இரண்டு ஆண்டுக்குள் அடுத்தது வரும் வாய்ப்பு 21 முதல் 45 சதவீதம். அதனால்தான் ஒருவருக்கு உடனே மாத்திரை தருகிறார்கள், இன்னொருவரை "பார்க்கலாம்" என்று அனுப்புகிறார்கள்.

தூண்டுதலால் வந்தது இந்தக் கணக்கில் சேராது. தினமும் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தியவருக்குப் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இன்னொன்றை நம் வீடுகளில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை: கற்பூரம். பூஜை அலமாரியில் எட்டும் உயரத்தில் வைத்த வில்லையைக் கற்கண்டு என்று குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். நீலகிரித் தைலத்தைக் குடித்துவிட்டாலும் அதே ஆபத்துதான். டாக்டர் கேட்காவிட்டாலும் இதையெல்லாம் நீங்களாகச் சொல்லுங்கள்.

3. கையில சாவிக்கொத்தைக் கொடுத்ததும் நின்னுடுச்சு. இரும்புக்கு அந்தச் சக்தி இருக்குதானே?

இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் தானாக நின்றுவிடும். யாரோ ஓடிப்போய்ச் சாவியைத் தேடி எடுத்து வந்து, மூடிய கையைப் பிரித்துத் திணிப்பதற்குள் நிற்கும் நேரம் வந்துவிடுகிறது. பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் அடுப்பு, கல், கூர்மையான பொருள்களை நகர்த்துங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடிந்துவிடும். கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், துணி, விரல், தண்ணீர், மாத்திரை எதுவும் கூடாது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கை காலை அமுக்கிப் பிடித்தால் எலும்பு முறியலாம், தோள் மூட்டு நழுவலாம்.

ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு திரும்பும் முன்னே இரண்டாவது வந்தாலும், தண்ணீரில் இருக்கும்போது வந்தாலும், கர்ப்பிணி அல்லது சர்க்கரை நோயாளி என்றாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், இதுதான் முதல் தடவை என்றாலும் ஐந்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டாம்.

4. வலிப்பா, வெறும் மயக்கமா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

மயக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரு முன்கதை இருக்கும். வெயிலில் நீண்ட நேரம் நின்றது, ஊசியைப் பார்த்தது, சாப்பிடாமல் கோயில் வரிசையில் நின்றது என்று ஏதாவது. கண் இருட்டும், வியர்க்கும், முகம் வெளிறும், துவண்டு விழுவார். விழுந்தபின் கை கால் இரண்டு மூன்று தடவை வெட்டலாம். அதைப் பார்த்துத்தான் வீட்டார் ஃபிட்ஸ் என்று பயந்து வருகிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் எழுந்து "என்னாச்சு?" என்று தெளிவாகக் கேட்டால் மயக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரிய வலிப்பில் உடல் விறைக்கும், கண் திறந்து செருகும், உதடு நீலம் பாயும், பிறகு கை கால் தாளகதியில் உதறும். நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கும். நின்ற பிறகும் வெகுநேரம் குழப்பம், தூக்கம். மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. சிறுநீர் போவது மயக்கத்திலும் நடக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

இதயத் துடிப்புக் கோளாறாலும் ஆள் சட்டென்று சரியலாம். முதல் தடவை வந்தவருக்கு ஈ.சி.ஜி. எடுப்பது அதற்காகத்தான். "தலைக்குத்தானே வந்தோம், நெஞ்சுக்கு எதுக்கு?" என்று மறுக்காதீர்கள். மன அழுத்தத்தோடு தொடர்புள்ள, வலிப்பு போலவே தோன்றும் நிகழ்ச்சிகளும் உண்டு. அவை நடிப்பு இல்லை. சிகிச்சைதான் வேறு.

5. கை கால் இழுக்கவே இல்ல. அப்படியே முழிச்சுட்டு நிக்கறான். அதுவும் வலிப்பா?

இருக்கலாம். சில குழந்தைகள் பேச்சின் நடுவே பத்து விநாடி போல உறைந்து நின்று, விட்ட இடத்திலிருந்தே தொடர்வார்கள். ஒரு நாளில் பல தடவை இப்படி நடக்கும். "வகுப்பில் கவனம் இல்லை" என்று பள்ளியில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களில் சிலருக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போல இருக்கும். பிறகு எதையோ மெல்வது போல வாயை அசைப்பார்கள், சட்டைப் பட்டனை நிமிண்டுவார்கள், கூப்பிட்டால் பதில் வராது.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனியுங்கள். இரவெல்லாம் படித்துவிட்டு எழுந்த காலையில் கை வெடுக்கென்று உதறி, பல் துலக்கும் பிரஷ் பறக்கும், காபி டம்ளர் தெறிக்கும். அதுவும் ஒரு வகை வலிப்புதான், ஆனால் நரம்புத் தளர்ச்சி என்று விட்டுவிடுவார்கள். ஒருநாள் பெரிய வலிப்பு வந்து இங்கே வரும்போது, காலையில் கை உதறுமா என்று நாங்கள் கேட்டால்தான் அம்மாவுக்கு உடைந்த டம்ளர்கள் ஞாபகம் வரும்.

6. எந்த டாக்டர்கிட்ட போகணும்?

முதல் வலிப்பு என்றால் அன்றைக்கே அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே சர்க்கரை, சோடியம், கால்சியம் பார்ப்பார்கள். ஆபத்து இல்லை என்று உறுதி செய்வார்கள். அதன்பின் நரம்பியல் மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் வெளிநோயாளிப் பிரிவு எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியலுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. மந்திரிப்பதும் தாயத்துக் கட்டுவதும் உங்கள் நம்பிக்கை என்றால் நான் குறுக்கே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதை அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

7. டாக்டர் என்னதான் கேட்பார்? எனக்கே ஒண்ணும் ஞாபகம் இல்லையே.

உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதனால்தான் பார்த்தவர் வர வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இந்தப் பதிலைப் படியுங்கள். இது வலிப்பா, எந்த வகை வலிப்பு என்பதை முதலில் முடிவு செய்வது இயந்திரம் அல்ல. நடந்ததை ஒருவர் விவரிப்பதைக் கேட்டுத்தான் டாக்டர் முடிவுக்கு வருகிறார். ஸ்கேனும் ஈ.ஈ.ஜி.யும் அதற்குத் துணை சாட்சிகள்.

விடுதியில் விழுந்த பையனை ஊரிலிருந்து அப்பா வந்து அழைத்து வருவார். பார்த்ததோ அறைத்தோழன். "என்னப்பா நடந்துச்சு?" என்று டாக்டர் கேட்டால் அப்பா, "ஃபிட்ஸ் வந்துச்சுங்க சார்" என்பார். அதோடு கதை முடிந்துவிடும். அந்தத் தோழனை போனில் பிடித்தால், "முதல்ல இடது கைக் கட்டைவிரல் மட்டும் துடிச்சுது, அப்புறம் கை முழுக்க, அப்புறம்தான் விழுந்தான்" என்பான். மூளையின் வலப் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்கியிருக்கிறது என்று அந்த ஒரு வாக்கியமே காட்டிவிடும். அதன்பின் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடத்தைத் தனியாக உற்றுப் பார்ப்பார்கள்.

எழுதி வைக்க வேண்டியவை: எத்தனை மணிக்கு, தூங்கும்போதா விழித்திருக்கும்போதா, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார், முதலில் எந்தப் பக்கம் இழுத்தது, தலையும் கண்ணும் எந்தப் பக்கம் திரும்பின, எவ்வளவு நேரம், நின்றபின் பேச்சு வர எவ்வளவு நேரம் ஆயிற்று, ஒரு கை அல்லது கால் சற்று நேரம் செயலற்றுக் கிடந்ததா. முந்தைய இரவின் தூக்கம், குடி, புதிதாகச் சாப்பிட்ட மருந்து, குழந்தைப் பருவத்தில் வந்த வலிப்பு, தலைக் காயம், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்பதும் வேண்டும். அடுத்த தடவை வந்தால் ஒருவர் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். முகம், கண், இரண்டு கையும் தெரியும்படி எடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. ஈ.ஈ.ஜி.ன்னா கரண்ட் வைப்பீங்களா? வலிக்குமா?

வலிக்காது. கரண்ட் உங்களுக்குள் போவதில்லை. உங்கள் மூளையிலிருந்து வருவதை இயந்திரம் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். அதுவும் மைக்ரோவோல்ட் கணக்கில், ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில். அத்தனை மெல்லியது என்பதால்தான் தலையில் எண்ணெய் இருந்தால் எனக்குக் கோபம் வருகிறது. முதல் நாள் ஷாம்பு போட்டுக் குளித்து, நன்றாகக் காயவைத்து வாருங்கள். எண்ணெய், பூ, ஹேர்பின் வேண்டாம். "லேசாத்தான் தேய்ச்சேன்" என்று வருபவரின் உச்சியில் பசை ஒட்டாது, வழுக்கிக்கொண்டே போகும்.

படுத்துக் கண்ணை மூடித் திறக்கச் சொல்வோம், மூன்று நிமிடம் போல ஆழமாக மூச்சை இழுத்து விடச் சொல்வோம், முகத்துக்கு நேரே விளக்கை மின்ன வைப்போம். சிலருக்கு இவற்றில்தான் மாற்றம் வெளிப்படும். தூங்காமல் வரச் சொல்லியிருந்தால் உண்மையிலேயே தூங்காமல் வாருங்கள். அப்படி வரும் நாளில் நீங்களே வண்டி ஓட்டி வர வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

9. ஈ.ஈ.ஜி. நார்மல்னு வந்துடுச்சு. அப்போ ஒண்ணும் இல்லதானே?

அப்படிச் சொல்ல முடியாது. நாங்கள் பதிவு செய்வது அரை மணி நேரம் போல. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே சுமார் பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி. சாதாரணமாகத்தான் வரும். தூக்கத்தில், தூக்கம் கெட்டபின், அல்லது நீண்ட நேரம் எடுத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஈ.ஈ.ஜி.யில் ஏதோ மாற்றம் என்று எழுதியிருக்கிறது, ஆனால் நடந்ததைக் கேட்டால் தெளிவான மயக்கம்; அப்போது அந்தக் காகிதத்தை நம்பி ஆண்டுக்கணக்கில் மாத்திரை போடுவது தவறு. இரண்டுக்கும் 7-ஆம் பதில்தான் பதில்.

10. சி.டி. எடுத்தாச்சு. அப்புறம் எம்.ஆர்.ஐ. எதுக்கு?

சி.டி. சீக்கிரம் முடியும், ரத்தக்கசிவு, பெரிய கட்டி, எலும்பு முறிவு போன்ற அவசர விஷயங்களைக் காட்டிவிடும். சின்னத் தழும்பு, பிறவியிலேயே உள்ள மூளை மடிப்புக் கோளாறு போன்றவற்றை எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும். சில வகை வலிப்புகளில், உதாரணமாக 5-இல் சொன்ன உறைந்து நிற்கும் குழந்தைகளுக்கு, கதையும் ஈ.ஈ.ஜி.யும் பொருந்திவிட்டால் ஸ்கேனே தேவைப்படாமல் போகலாம்.

11. மூளையில புழுக்கட்டின்னு எழுதியிருக்கு. நாங்க சுத்த சைவம். எப்படி வந்துச்சு?

இதைக் கேட்கும்போது முகத்தில் தெரியும் அவமானத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவமானப்பட ஒன்றுமில்லை. சரியாக வேகாத பன்றி இறைச்சி சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டி வருவதோ அந்தப் புழுவின் முட்டையால். புழு உள்ள மனிதரின் மலத்தில் முட்டை வெளியேறி, தண்ணீர், சரியாகக் கழுவாத கீரை, கழுவாத கை வழியாக யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். நீங்கள் சைவமா என்று முட்டை பார்க்காது.

ஸ்கேனில் ஒரே ஒரு சின்ன வளையம் தெரிந்தால் ஒரு காலத்தில் நம் நாட்டில் காசநோய்க் கட்டி என்றே எடுத்துக்கொள்வார்கள். அவற்றில் பல புழுக்கட்டிகள்தான் என்று 1980-களின் இறுதியில் காட்டியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். இப்போதும் இரண்டையும் பிரித்தறிவது டாக்டரின் பெரிய வேலை. தானாகக் காசநோய் மருந்தோ புழு மருந்தோ வாங்கிப் போடாதீர்கள். ஒற்றைக் கட்டி பல பேருக்குச் சில மாதங்களில் சுருங்கி மறைந்துவிடும். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

12. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா ஃபிட்ஸ் வருது. பெரியவனானாலும் இருக்குமா?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பு, 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு வரக்கூடியது. மூன்றில் ஒரு குழந்தைக்கு இன்னொரு காய்ச்சலில் மீண்டும் வரலாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பிற்காலத்தில் வலிப்பு நோய் வருவதில்லை. ஒரு நாளில் ஒரே தடவை, 15 நிமிடத்துக்குள், இரண்டு பக்கமும் சமமாக இழுத்து நின்றது என்றால் ஈ.ஈ.ஜி., ஸ்கேன் பொதுவாகத் தேவையில்லை. கழுத்து விறைப்பு, தொடர்ந்த மந்தநிலை, விடாத வாந்தி இருந்தால் மூளைக்காய்ச்சலா என்று உடனே பார்க்க வேண்டும்.

13. தலைக்கு வெந்நீர் ஊத்தினாத்தான் வருது. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

நான் நம்புகிறேன். வெந்நீர் வலிப்பு என்றே ஒரு வகை உண்டு. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், இதை அதிகம் பார்த்திருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிலையத்தின் மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நன்றாகச் சூடேற்றிய நீரைச் சொம்பு சொம்பாகத் தலையில் வேகமாக ஊற்றுகிறோம் அல்லவா, அந்தப் பழக்கமே தூண்டுதல். சிலருக்கு அந்தச் சமயத்தில் ஒரு சுகமான உணர்வு வர, இன்னும் இன்னும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றுவது, தலைக்குக் குளிக்காமல் உடம்புக்கு மட்டும் குளிப்பது பலருக்குப் போதும். சிலருக்கு மாத்திரை தேவைப்படும். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடக் கூடாது. இந்த விதி வலிப்பு உள்ள எல்லோருக்கும் பொருந்தும். கிணறு, குளம், ஆற்றில் தனியாக இறங்கக் கூடாது என்பதும் அப்படியே.

14. மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் போடணுமா?

எல்லோருக்கும் இல்லை. குறைந்தது இரண்டு ஆண்டு வலிப்பே வரவில்லை என்றால், வகையையும் ஸ்கேனையும் பார்த்து, டாக்டர் மெல்ல மெல்லக் குறைக்கலாமா என்று யோசிப்பார். 5-இல் சொன்ன, காலையில் கை உதறும் வகைக்குப் பெரும்பாலும் நீண்ட காலம் வேண்டியிருக்கும். சட்டென்று நீங்களே நிறுத்தினால் முன்பு வந்ததைவிட மோசமாக, விடாமல் வரலாம். புது மாத்திரையில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

15. பொண்ணுக்குக் கல்யாணம் பேசணும். மறைச்சுடலாமா?

மறைத்தால் முதலில் நிற்பது மாத்திரை. புகுந்த வீட்டில் யாரும் பார்க்காமல் விழுங்க முடியாமல், கல்யாணக் களைப்பும் தூக்கமின்மையும் சேர்ந்து, முதல் வாரத்திலேயே வலிப்பு வரலாம். சொல்லிவிட்டுச் செய்வதே நல்லது. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடை என்று இருந்ததை 1999 திருத்தம் நீக்கிவிட்டது. சட்டமே விட்டுவிட்டதை உறவினர்கள் இன்னும் விடவில்லை.

குழந்தை பெறலாம். கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். முக்கியமாக வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள். அந்த மருந்து கருவின் உறுப்புகளையும் பிற்கால அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. ஃபோலிக் அமில மாத்திரையும் முன்கூட்டியே தொடங்குவார்கள்.

16. வண்டி ஓட்டலாமா?

ஓட்டுநர் உரிமத்துக்கான உடல் தகுதி உறுதிமொழிப் படிவத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வி நேராகவே இருக்கிறது. பொய் எழுதாதீர்கள். முதல் வலிப்புக்குப் பிறகு டாக்டர் சொல்லும் வரை டூ வீலரும் வேண்டாம். பஸ், லாரி, உயரத்தில் நின்று செய்யும் வேலை, திறந்த இயந்திரங்கள் தவிர மற்ற வேலைகள் பெரும்பாலும் செய்யலாம்.

17. ஆறு மாசமா மாத்திரை சாப்பிட்டும் நிக்கல. வேற டாக்டரைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். அதற்கு முன் சிலவற்றைச் சரிபாருங்கள். வேளை தவறுகிறதா? ஊருக்குப் போனபோது மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் விட்டதா? இரவுப் பணியா? இது உண்மையில் வலிப்புதானா என்ற 4-ஆம் கேள்வி மறுபடி எழும். வலிப்பின் வகையைத் தவறாகக் கணித்திருக்கவும் கூடும்: காலையில் கை உதறும் வகைக்குக் கார்பமசபைன் என்ற வலிப்பு மாத்திரை கொடுத்தால் உதறல் கூடலாம்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால், நாள் கணக்கில் படுக்க வைத்து எடுக்கும் வீடியோ ஈ.ஈ.ஜி.யும், அறுவை சிகிச்சை பொருந்துமா என்ற ஆய்வும் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்குத் தென் மாவட்டங்களிலிருந்து பலர் போகிறார்கள். போகும்போது முதல் நாளிலிருந்து சாப்பிட்ட எல்லா மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை மாதம் என்ற பட்டியலும், எம்.ஆர்.ஐ. ஃபிலிமும் அந்தப் படங்கள் பதிந்த டிஸ்க்கும் கையில் இருக்கட்டும். பலரும் ஃபிலிமைப் பீரோவுக்கு மேலே விட்டுவிட்டு, இரண்டு வரி ரிப்போர்ட்டை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே மறுபடி ஸ்கேனுக்கு வரிசையில் நிற்க வேண்டியதாகிவிடுகிறது.